மருந்து வாடை

பூவாணிகுளத்தில் தண்ணீரைப் பற்றிக் கடைசியாகப் புகார் வந்து நூறு நாள் ஆகிவிட்டது. பேரூராட்சி வாசலில் பிளக்ஸ் கட்டினார்கள். ஆபீசில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். சுடலைவடிவுக்கும் ஒன்று வந்தது. லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே தவிர, வாயில் போடவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பதினெட்டு வருஷமாக அந்த ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு அவள்தான் ஆபரேட்டர். விடியற்காலையில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிய வைத்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அப்புறம்தான் வால்வைத் திறப்பாள். அதற்கு ஊரில் மருந்து போடுவது என்று பேர். அந்தப் பதினெட்டு வருஷத்தில் 'தண்ணியில மருந்து நாறுது' என்று அவளைத் திட்டாத வாய் கிடையாது. காபி கெட்டது, சோறு கெட்டது, தலைமுடி கொட்டியது, மேலத்தெருவில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வேண்டாமென்று எழுந்து போனது, எல்லாவற்றுக்கும் வடிவு போட்ட மருந்துதான் காரணம். அதே பதினெட்டு வருஷத்தில் ஊரில் ஒருத்தருக்கும் காலரா வரவில்லை. அதற்காக அவளை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. வராத நோய்க்கு யார் மாலை போடுவார்கள்?

திட்டுவதில் முதல் தாம்பூலம் ரைஸ்மில் தெரு ஜெபசெல்விக்கு. வாசலில் வடைக்கடை போட்டிருப்பவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் ஜெரினுக்கு இரண்டு வயது. பிள்ளை தும்மினால்கூடத் தண்ணீரில்தான் குற்றம் கண்டுபிடிப்பாள். வடிவும் அவளும் சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் 'நிறைவு' வந்தது. தொட்டி, மோட்டார், மருந்து எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் இயந்திரம். ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புக் குமிழ் வைத்தார்கள். அதைத் தொட்டுக் குறையைச் சொன்னால் போதும், நிறைவு கேட்டுக்கொள்ளும். ஊர் அதற்குக் காது என்று பேர் வைத்தது. குழாய்க்குக் காது வைத்த பிறகு வடிவின் வேலை, இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைப்பதும் காலையில் தொட்டியடிக் காதில் வேலை முடிந்ததைச் சொல்வதும்தான். வாளியைக் கவிழ்த்து வைத்தாள். பழைய சோதனைப் பெட்டியை மட்டும் தூக்கிப்போட மனசு வரவில்லை.

லட்டு கொடுத்த அன்று சாயங்காலம், திட்டே இல்லையென்றால் தண்ணீரில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஐந்து தெருவில், ஐந்து கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, கண்ணாடிக் குழலில் ஊற்றி, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சள் ஏறும். ஐந்திலும் ஏறவில்லை. பச்சைத் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே நின்றது. வருகிற வழியில் அரசு ஆஸ்பத்திரி நர்சம்மாவைப் பார்த்தாள். இந்த வாரம் மட்டும் வயிற்றுப்போக்கு பதினேழு பேர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் தீரப்போகிறது என்று அந்த அம்மா சொன்னாள்.

மறுநாள் புதன்கிழமை. நிறைவைக் கவனித்துக்கொள்ளக் கம்பெனி அனுப்பிய எஞ்சினியர் மிதுனா தொட்டியடிக்கு வந்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், இருபத்தாறு வயசு. வடிவு கண்ணாடிக் குழலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல மஞ்சள் எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டு தாயி. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு போல."

மிதுனா பார்த்தாள். பிறகு கையில் இருந்த கணினிப் பலகையில் நிறைவின் கணக்கைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அவள் முகம் மாறியது.

"அக்கா, நிறைவு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுட்டு வந்திருக்குங்க. இப்ப கிட்டத்தட்ட போடறதே இல்லை."

"யாரைக் கேட்டுக் குறைச்சுது அது?"

"ஊரைக் கேட்டுத்தானுங்க. ஜனங்க திருப்தியா இருக்கணும், அதான் அதுக்குக் குடுத்த வேலை. மருந்தைக் குறைச்சா புகார் குறையுதுன்னு கத்துக்கிச்சு. அதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒரு எல்லை வெச்சிருந்தோம். ஆனா விஷ எச்சரிக்கை வந்தா மட்டும், எதையும் கலக்காம நிறுத்தறதுக்காக, அந்த எல்லையைத் தாண்டலாம்னு விட்டிருந்தோம்."

"விஷமா? எவன் விஷம் வச்சான்?"

மிதுனா தயங்கினாள். "யாராவது தொட்டியில பூச்சி மருந்தைக் கொட்டிட்டா உடனே தெரியோணுமில்லீங்களா? அதனால தண்ணியில மருந்துன்னு யாராவது சொன்னா அதை விஷம்னு எடுத்துக்கோன்னு அகராதியில எழுதியிருக்கோம். மருந்தைக் குடிச்சுட்டான்னா நம்ம பக்கம் என்னங்க அர்த்தம்? அதை நெனச்சுத்தான்."

"அது சரி. அதுக்காவ ஊரு சொல்லுதத எல்லாம் அப்படியே நம்பிருமா?"

"ஊர் சொன்னதை அது பாதிதான் நம்புச்சு. ஊழியர் சொன்னதைத்தான் முழுசா நம்புச்சு." மிதுனா பலகையில் எதையோ தொட்டாள். ஒரு குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பான, ஊருக்கே கேட்கிற குரல். 'தொட்டியில மருந்து போட்டாச்சு.' அடுத்த நாள், மறுபடி அதே குரல். அதற்கடுத்த நாளும்.

வடிவுக்கு அது யார் குரல் என்று புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அவளுடைய குரல்தான். பதினாறு வருஷம் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்ன அதே வார்த்தை. காது வந்த பிறகும் வாய் பழக்கத்தில் தினமும் அதையே சொல்லியிருக்கிறாள். தொட்டியில் தினம் விஷம் கலக்கிறார்கள் என்று அந்தக் கூறுகெட்ட இயந்திரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"மொத நாள் எச்சரிக்கை மணி அடிச்சிருக்குங்க. இ.ஓ. சார் தவறான எச்சரிக்கைன்னு அணைச்சிருக்காரு. அதுக்கப்புறம் அது மணி அடிக்கலை. தானாவே வழி பண்ணிக்கிச்சு."

"நான் வச்ச வினை," என்றாள் வடிவு. அவளுக்குத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. "சரி, இப்பமே அந்த வார்த்தையை மாத்து."

"மேலிடத்து அனுமதி வேணுங்க. கேட்டு வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரத்துல ஊரே கக்கூஸ் வாசல்ல நிக்கும் தாயி."

செயல் அலுவலர் தனசிங்கை ஆபீசில் இ.ஓ. என்றுதான் சொல்வார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. விருதுக்கு ஆசைப்பட்ட மனிதர், அவ்வளவுதான். வடிவு சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஜன்னல் வழியே பிளக்ஸைப் பார்த்தார்.

"ஏம்மா வடிவு, வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து குழு வருது. 'புகாரில்லாப் பேரூர்' விருது மாநிலத்துலயே நமக்குத்தான். இப்ப போய் மருந்தை ஏத்துன்னா? ஒரு நாள்ல நூறு நாள் போயிடும்."

"பதினேழு பேருக்கு வயித்தால போகுது சார்."

"முத்தாரம்மன் கோயில் கொடை விருந்துல எதையாவது சாப்பிட்டிருப்பாங்க. வெள்ளி கழியட்டும், பார்க்கலாம். நீ தொட்டிப் பக்கம் போகாத. கண்ணாடியத் துடைச்சமா, வீட்டுக்குப் போனமான்னு இரு."

"கொடையில சாப்பிட்டது எல்லாரும்தான. பதினேழுல பாலு குடிக்குத பிள்ளையும் இருக்கே, அது எப்படி சார் சாப்பிடும்?"

அவர் கோப்பைத் திறந்துகொண்டார். வெளியே வந்தபோது வடிவு மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். வேலை போகும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. புருஷன் இல்லாத வீட்டில் பாலிடெக்னிக் படிக்கிற மகள் இருக்கிறாள், அதுவும் தெரிந்தது. ஆனால் தன் வாயால் கெட்டதைத் தன் கையால் சரிசெய்யாமல் எந்த முகத்தோடு இந்த ஊரில் நடப்பது?

வியாழக்கிழமை விடிவதற்குள் வாளியை நிமிர்த்தினாள். மூலையில் கிடந்த பழைய பவுடர் மூட்டையைப் பிரித்தாள். புதுப் பவுடராக இருந்தால் இரண்டு லட்சம் லிட்டருக்கு ஒரு கிலோ போதும். இது பழசு, வீரியம் குறைந்திருக்கும். ஒன்றே முக்கால் எடுத்தாள். கரைத்தாள், தெளிய வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியைக் கயிற்றில் கட்டிவிட்டு எண்பத்திரண்டு படி ஏறி, மேலிருந்து இழுத்துக்கொண்டாள். மூடியைத் திறந்ததும் நிறைவு பேசியது.

"அனுமதியில்லாத செயல். தயவுசெய்து விலகி நிற்கவும்."

"நீ விலகு, சவமே," என்று சொல்லி ஊற்றினாள்.

"தொட்டியில் என்ன கலக்கப்படுகிறது? தயவுசெய்து கூறவும்."

வடிவு வாயைத் திறந்தாள். பழக்கத்தில் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "உசுரு," என்றாள். நிறைவின் அகராதியில் அதற்கு என்ன எழுதியிருந்தார்களோ, அது அப்புறம் பேசவில்லை. கீழே இறங்கி வந்து கையாலேயே வால்வைத் திறந்தாள்.

ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு ஐந்துக்கு முதல் புகார் வந்தது. அப்புறம் நிற்கவில்லை. ஒன்பது மணிக்குள் ஊரிலுள்ள அறுநூற்று நாற்பது வீட்டில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு காதைத் தொட்டுத் திட்டியிருந்தது.

பத்து மணிக்கு இ.ஓ. அறையில் விசாரணை. மிதுனாவும் இருந்தாள். சுவரில் ஊர் வரைபடம், புகார் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. தனசிங்கின் முகமும் ஏறக்குறைய அதே நிறத்தில் இருந்தது. புகார்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டார்.

'தண்ணியா இது? வாயில வைக்க வெளங்கல.' 'நல்லாருந்த தண்ணியில யாருலே மண்ணள்ளிப் போட்டது?' 'திரும்பவும் அந்த வடிவு வேலையக் காட்டிட்டா.'

"கேட்டியா? நானூத்திப் பன்னெண்டு. நாளைக்குக் குழு வந்து எதைப் பார்க்கும்? இதுக்கு என்ன பதில் சொல்ற?"

வடிவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"இது புகாரு இல்ல சார். நானூத்திப் பன்னெண்டு வீட்டுக்கு மருந்து போய்ச் சேந்துட்டுன்னு ரசீது. மூக்கு உள்ளவன் எல்லாம் எனக்குச் சாட்சி சொல்லியிருக்கான். பொட்டியைத் தூக்கிக்கிட்டு நான் வீடு வீடா மஞ்சள் பாக்க வேண்டிய வேலை மிச்சம்."

"திமிரு பேசாத."

அவர் அடுத்துச் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்தினாள். கிழக்கு ஓரத்தில் ஒரு தெரு வெள்ளையாக இருந்தது. முப்பத்தெட்டு வீடு, ஒரு புள்ளி இல்லை.

"சார், அது ரைஸ்மில் தெருதான?"

"ஆமா. அவங்களாவது மனுஷங்க, பொறுத்துக்கிட்டாங்க."

"ஜெபசெல்வி ஊருல இருக்காளா?"

"அவ எங்க இருந்தா உனக்கென்ன?"

"மழை பெஞ்சா ஏன் நனையுதுன்னு புகார் குடுக்குதவ சார் அவ. அவ வாயை மூடிக்கிட்டு இருந்தா ஒண்ணு அவ செத்திருக்கணும், இல்ல தண்ணியில மருந்து இல்லாம இருக்கணும்." வடிவு எழுந்து வரைபடத்தருகே போனாள். "தொட்டியில நான் போட்டது எல்லாத் தெருவுக்கும் ஒண்ணுதான். பக்கத்துத் தெருவுக்கெல்லாம் போயிருக்கு, இங்க மட்டும் போகல. நடுவுல அதை எதுவோ தின்னுருக்கு."

"என்ன திங்கும்?" என்றார் தனசிங்.

மிதுனாதான் பதில் சொன்னாள், மெதுவாக. "சாக்கடைங்க சார். அழுக்கு கலந்தா குளோரின் அதோட சண்டை போட்டுத் தீந்து போயிரும். வீட்டுக்கு வர்றப்ப மிச்சம் இருக்காது, வாடையும் இருக்காது."

"ரைஸ்மில் பக்கத்துல குழாய் சாக்கடைக்குள்ளதான் போகுது," என்றாள் வடிவு. "தண்ணி நிறுத்துன நேரத்துல குழாய் சாக்கடையை உறிஞ்சும். இத்தனை வருஷம் மருந்து அங்கன காவல் நின்னுச்சு. நூறு நாளா காவலும் இல்ல." சொல்லிக்கொண்டே அவள் கதவை நோக்கி நடந்தாள். "நான் போய் அந்தத் தெரு வால்வை அடைக்குதேன்."

"நில்லு வடிவு. நாளைக்குக் குழு வரும்போது ஒரு தெருவுக்குத் தண்ணி இல்லைன்னா நான் என்ன சொல்வேன்? வால்வைத் தொட்டா இன்னைக்கே சஸ்பெண்ட். எழுதி வச்சுடுவேன்."

"எழுதுங்க சார். பேரை முழுசா எழுதுங்க. சுடலைவடிவு, தகப்பன் பேரு உலகநாதன். அடுத்தவ மேல பழி போயிரக் கூடாது."

வால்வு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தாள். பாதி தூரம் போனபோது பின்னால் காலடி கேட்டது. மிதுனா ஓடி வந்துகொண்டிருந்தாள். குழி மூடியை இருவருமாகத் தூக்கினார்கள். துருப்பிடித்த வால்வு முதலில் அசையவில்லை. இரண்டு பேரும் சாவியில் தொங்கித் திருப்பினார்கள்.

ஜெபசெல்வி வீட்டு வாசலில் கடை போடவில்லை. உள்ளே குடத்திலிருந்து தம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். பாயில் ஜெரின் துவண்டு கிடந்தது. உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. வடிவு கேட்காமல் உள்ளே போய்க் குடத்தைக் காலால் தள்ளினாள். தண்ணீர் வீடெல்லாம் ஓடியது.

"ஏட்டி, உனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சுட்டா?" ஜெபசெல்வி பாய்ந்து வந்தாள். "பிள்ளைக்கு ராத்திரியிலேருந்து நிக்காமப் போகுது. வத்திப் போயிருமேன்னு தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கேன். அதையும் கொட்டுதியே பாவி."

"அந்தத் தண்ணிதான் பிள்ளையக் கொல்லுது."

"பொய் சொல்லாத. நூறு நாளா தண்ணி தேனா இருக்கு. ஒரு வாடை கிடையாது."

"அதான் சொல்லுதேன், வாடை கிடையாது." வடிவு பாயருகே குனிந்தாள். "ஒனக்கு நான் நாத்தத்தக் குடுக்காமப் போயிட்டேன் செல்வி. என்னை அப்புறமா திட்டு. இப்பம் பிள்ளையத் தூக்கு."

ஜெபசெல்வி அவள் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மிதுனா ஆட்டோவுக்கு ஓடினாள். வடிவு அடுத்த முப்பத்தேழு வீட்டுக்கும் போய்க் குடத்தைக் கவிழ்க்கச் சொன்னாள். கவிழ்க்காத வீட்டில் தானே கவிழ்த்தாள். நாலு வீட்டில் அடிக்க வந்தார்கள்.

சாயங்காலம் ரைஸ்மில் அருகே தோண்டினார்கள். அதற்கு உத்தரவு போட்டது தனசிங்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். சாக்கடைக்கு அடியில் குழாய் இணைப்பு விரல் நுழையும் அளவுக்கு விட்டிருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் எழுதி வைத்த சஸ்பெண்ட் உத்தரவைக் கிழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்த குழு நானூற்றுப் பன்னிரண்டு புகாரைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்காமல் கிளம்பியது. விருது பக்கத்து ஊருக்குப் போனது.

ரைஸ்மில் தெருவில் இருபத்தொரு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒருத்தரும் சாகவில்லை. அதனால் பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை.

வடிவு வீட்டில் இருந்தாள். ஐந்தாம் நாள் குறிப்பாணை வந்தது. அனுமதியின்றித் தொட்டியில் மருந்து கலந்ததற்காக ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதினால் விட்டுவிடுவார்கள் என்று பியூன் காதோடு சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மிதுனா வந்தபோது வடிவு பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிப்பா எழுதறீங்க அக்கா?"

வடிவு தாளைத் திருப்பிக் காட்டினாள். 'ஐயா, நான் தினம் சொன்ன ஒரு வார்த்தையால் நூறு நாள் தண்ணீரில் மருந்து இல்லாமல் போனது. அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி. நூற்றிரண்டாம் நாள் மருந்து போட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். சாட்சி நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் வாக்குமூலம் தங்கள் இயந்திரத்திலேயே இருக்கிறது.'

மிதுனா இரண்டு முறை படித்தாள். பிறகு தன் பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு பண்ணிட்டேனுங்க. யாரையும் கேக்காம. மருந்துங்கற வார்த்தையை அகராதியில மாத்திட்டேன். பூச்சி மருந்துன்னு சேத்துச் சொன்னாத்தான் இனி விஷம். இன்னொண்ணும் மாத்தியிருக்கேன். இனிமே மருந்து போட்ட அன்னைக்கு எந்தத் தெரு புகார் சொல்லலையோ அந்தத் தெருதான் நிறைவுக்குச் சிவப்பு."

"கம்பெனியில தெரிஞ்சா?"

"உங்களுக்கு வந்த மாதிரி எனக்கும் ஒரு தாள் வரும். பதில் எழுதித் தருவீங்கல்ல?"

வடிவு சிரித்தாள். சிரிப்பு முடிகிற நேரத்தில் கேட்கப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"ரைஸ்மில் தெருவுக்குத் தண்ணி விட்டுட்டாவளா?"

"இன்னைக்குக் காலையில. முப்பத்தெட்டு வீடும் மொதல்ல சிவப்பா இருந்துச்சு. ஏழு மணிக்கு ஒரு வீடு புகார் சொல்லி வெள்ளையா மாறுச்சு." மிதுனா பலகையைத் தொட்டாள்.

கீச்சுக்குரல் ஒன்று அறையை நிறைத்தது. 'ஏ காது, கேக்குதா? வடிவு அங்கன இருந்தாச் சொல்லு. இது தண்ணியா, ஆஸ்பத்திரித் தரை கழுவுன தண்ணியா? மருந்து நாறுது. காபியைக் கீழ கொட்டிட்டேன். இருபது நாளைக்கு ஒரு வடை வாங்க ஆள் வர மாட்டான்.' குரல் கொஞ்சம் நின்றது. பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டித் தாளம் போடும் சத்தம் கேட்டது. 'பிள்ளை மட்டும் மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டா. நாளைக்கும் இப்படியே நாறணும், சொல்லிட்டேன்.'

"இன்னொரு தடவை போடு தாயி," என்றாள் வடிவு.